கிரேட் கணக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பழம் வெட்டும் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். சீசனில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். பழுக்க வைத்த பிறகு காம்பை அரிந்து, அழுகலைச் செதுக்கி பெல்ட்டில் போடுவது பெண்கள் வேலை. முன்பெல்லாம் கூலி கிரேட் கணக்கு; கிரேட் என்றால் பழப்பெட்டி. அவரவர் முடித்த கிரேட்டுக்கு அவரவருக்குக் காசு.

வேகத்துக்குக் குறையே இல்லை. ஆனால் கிரேட் இறங்கியதும் நல்ல பழமாகப் பார்த்து இழுத்துக்கொள்ளத் தள்ளுமுள்ளு நடக்கும். அடிபட்ட பழமெல்லாம் புதிதாக வந்தவர்கள் தலையில்தான் விழும். ஒரு நாள் புதுப்பெண் ஒருத்தி அழுகலோடு பாதிப் பழத்தையே வெட்டி எறிந்துகொண்டிருந்தாள். பக்கத்திலேயே பல வருஷம் கத்தி பிடித்த அக்கா. "கொஞ்சம் சொல்லிக்கொடுங்கக்கா" என்றேன். "சொல்லிக்கொடுக்கிற நேரத்துல எனக்கு ஒரு கிரேட் போயிடும் சார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கூலியை அப்படி வைத்தது நாங்கள்தானே.

அழுகல் தப்பிப் போனால் கூழில் கரும்புள்ளி விழும். அந்த சீசனில் நிரப்பி வைத்த டிரம்கள் சில திரும்பி வந்தன. யார் கிரேட்டிலிருந்து தப்பியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த சீசனில் மேசைக்கு ஆறு பேர் என்று பிரித்தோம். செக்கிங்கில் தேறிய கிரேட்டுக்கு மட்டும் காசு, அதுவும் ஆறு பேருக்கும் சமபங்கு. ஷிஃப்ட் முழுக்க ஒரே கணக்காக வைக்கலாம் என்றார் முதலாளி. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது பேரில் ஒருவர் சும்மா நின்றால் தெரியாது; ஆறு பேரில் உடனே தெரிந்துவிடும்.

கைவேகம் உள்ளவர்கள் போய்விடுவார்களோ என்ற பயம் எனக்கு இருந்தது. கலிஃபோர்னியாவின் கோரெட் ஆடை ஆலை 1990களில் தனி உருப்படிக் கூலியிலிருந்து குழுக் கூலிக்கு மாறியதை ஹாமில்டன், நிக்கர்சன், ஓவான் மூவரும் ஆராய்ந்து 2003இல் எழுதினார்கள். உற்பத்தி சராசரியாக 14 சதவீதம் கூடியது. அதைவிட எனக்குத் தைரியம் கொடுத்தது, கைவேகம் கூடியவர்களே அங்கே முதலில் குழுவில் சேர்ந்தார்கள் என்பது.

மூன்றாம் நாள் பார்த்தேன். அதே அக்கா புதுப்பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, "கத்தியைத் திருப்பாத பாப்பா, பழத்தைத் திருப்பு" என்று காட்டிக்கொண்டிருந்தார். செதுக்கி விழுந்தது நகமளவு கறுப்பு மட்டும்.

முதல் இரண்டு வாரம் அக்காவுக்குக் கூலி குறைந்தது. "நான் கத்துக்கொடுத்ததுக்கு என்ன சார் கணக்கு?" என்று கேட்டார். கேட்டது நியாயம். கற்றுக்கொடுப்பவருக்குத் தனிப்படி வேண்டும் என்று முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.