தமிழ் வீட்டில் டிரிவியம்: இலத்தீன் கொஞ்சம் காத்திருக்கட்டும்

பிள்ளையை இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்ற மூன்று படிகளில் (இதுதான் டிரிவியம்) வளர்க்கும் கிறிஸ்தவச் செவ்வியல் கல்விப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் தயாரானவை. ஏழெட்டு வயதிலேயே இலத்தீனைத் தொடங்கச் சொல்பவை அவற்றில் நிறைய. வீட்டிலேயே கற்பிக்கும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வயதில் இலத்தீன் தரும் பயிற்சியைத் தமிழே தரும், தேர்வுக்கும் கைகொடுக்கும்.

தேர்வை ஒதுக்கிவிட முடியாது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. வீட்டில் கற்பிக்கக் கல்வி அமைச்சிடம் விலக்கு பெற வேண்டும். பிறகு பிள்ளை தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி நான்கையும் எழுதி, 33ஆம் சதமான நிலையை, அதாவது மாணவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்குக்கு மேலான இடத்தை, எட்டியாக வேண்டும். விண்ணப்பத்தில் ‘இலக்கணப் பருவம்’ என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் நோக்கம், வாரநேரம், நூல், மதிப்பிடும் முறை என்று பிரித்து எழுதுங்கள். குடியியல் கல்வியையும் விட்டுவிடாதீர்கள்.

இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி மூன்றும் இடைக்காலப் பள்ளிகளில் பாடங்களாக இருந்தன, வயதுப் படிகளாக அல்ல. 1947இல் ஆங்கில எழுத்தாளர் டோரத்தி சேயர்ஸ் ஆக்ஸ்ஃபர்டில் ஆற்றிய உரைதான் அவற்றைப் பிள்ளையின் பருவங்களோடு பொருத்தியது. ஆகவே பத்து வயதுப் பிள்ளை ‘ஏன்’ என்று வாதாடினால், பருவம் வரவில்லை என்று அடக்க வேண்டியதில்லை.

முதல் பருவமான இலக்கணப் பருவத்தின் உயிர் மனப்பாடம். மனப்பாடப் பகுதிகளை அட்டைகளில் எழுதிப் போட்டுவைக்க ஒரு பெட்டி போதும். அவற்றைப் பிரிக்கும் தடுப்பு அட்டைகள் 41: தினசரி 1, ஒற்றை நாள் இரட்டை நாள் 2, கிழமைகள் 7, மாதத் தேதிகள் 31. புதிய பகுதி தினசரியில் இருக்கும். தடுமாறாமல் வந்ததும் ஒற்றை அல்லது இரட்டை நாளுக்குத் தள்ளுங்கள், அங்கும் நின்றால் கிழமைக்கு, அதன்பின் தேதிக்கு. ஒரு நாளில் எடுப்பது நான்கு அட்டைப் பிரிவுகள், பத்து நிமிட வேலை. பலரும் சறுக்குவது ஓர் இடத்தில்தான்: பழையது உறுதியாகுமுன் புதியதைச் சேர்ப்பார்கள், தினசரிப் பிரிவு வீங்கிவிடும், பிள்ளை சலித்துப்போகும். தினசரியில் ஒன்றே ஒன்று இருக்கட்டும். 23ஆம் சங்கீதத்துக்கு ஆறே வசனங்கள்தான், அதில் தொடங்கலாம். பக்கத்திலேயே ஆத்திசூடி, கொன்றை வேந்தன். திண்ணைப் பள்ளிக்கூடம் இப்படித்தான் நடந்தது, நமக்கு இது இறக்குமதிச் சரக்கல்ல.

எழுத்துக்கு, பார்த்தெழுதுதலும் சொல்வதெழுதுதலும் மாற்றி மாற்றி, பதினைந்து நிமிடம். முதல் நாள் பத்தியைப் படித்து, ல, ள, ழ, ர, ற, ந, ன, ண வரும் சொற்களை அடிக்கோடிட வேண்டும். வல்லினம் மிகும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே பத்தியைச் சொல்ல, பிள்ளை எழுத வேண்டும். முன்தயாரிப்பு இல்லாமல் சொன்னால் தவறான வடிவமே கையில் படியும்.

ஓர் எச்சரிக்கை. பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தை மட்டும் பார்த்தெழுதும் பிள்ளை கட்டுரையிலும் ‘ஸ்திரீ’, ‘ஜலம்’ என்று எழுதும். வாய்மொழித் தேர்வின் உரையாடலுக்குப் பேச்சுத்தமிழ் வேண்டும், வேதாகம நடை அங்கே விறைத்து நிற்கும். பாதிப் பத்திகளை இக்காலச் சிறுவர் கதைகளிலிருந்து எடுங்கள். சாப்பாட்டு மேசையில் அன்று பார்த்த ஒரு காணொளியைப் பற்றித் தமிழில் பேசவும் வைக்க வேண்டும்.

எட்டு வேற்றுமைகளையும் பிரித்தறிய வந்த பிள்ளைக்கு, பிஎஸ்எல்இ முடிந்ததும் இலத்தீன் திறந்துகொடுங்கள். ‘புவெல்லா’ (சிறுமி) என்ற சொல் ‘புவெல்லம்’ ஆவது இரண்டாம் வேற்றுமை. ‘புவெல்லே’ நான்காவதாகவும் ஆறாவதாகவும் வரும், வாக்கியம்தான் எது என்று காட்டும். தமிழின் மூன்றாம், ஐந்தாம் வேற்றுமைகள் செய்வதை இலத்தீனில் பெரும்பாலும் ஒரே வேற்றுமை சுமக்கிறது. இதை ஒரு பிற்பகலில் பிடித்துக்கொள்வார்கள்.

கணிதத்தில் மட்டும் செவ்வியல் பரிசோதனை வேண்டாம், கணக்கைக் கட்டங்களாக வரைந்து தீர்க்கும் பள்ளிப் பாடநூலின் படமாதிரி முறையே போதும்.

பதின்மூன்று, பதினான்கு வயதில் வாசிக்க, இத்தாலியப் பாதிரியார் வீரமாமுனிவர் தமிழில் பாடிய கிறிஸ்தவக் காப்பியமான தேம்பாவணி இருக்கிறது. 3,615 பாடல்களையும் படிக்கத் தேவையில்லை. ஒரு படலம் எடுத்து, வாரம் ஐந்து பாடல்: சந்தி பிரித்து வாசித்து, பொருளை உரைநடையில் எழுதி, அடுத்த வாரம் அதையே ஐந்து நிமிடம் நின்று பேசச் சொல்லுங்கள்.