கிளாட்ஸ்டன் சாலையில் குடியிருந்தவர்கள்

பினாங்கில் மெகசின் சாலை, மெக்காலிஸ்டர் சாலை, டத்தோ கிராமட் சாலை எல்லாம் ஒரே ரவுண்டானாவில் வந்து சேர்ந்த காலம் ஒன்று உண்டு. ஆறு சாலைகள் கூடிய அந்த இடத்துக்கு மெகசின் சர்க்கஸ் என்று பெயர். ஆறில் ஒன்றான பிரிக் கில்ன் சாலை இன்று ஜாலான் குருத்துவாரா. பெயர் மாறினாலும் சாலை இருக்கிறது. கிளாட்ஸ்டன் சாலைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தீர்வையற்ற துறைமுகத் தகுதி 1969இல் பறிபோய் ஊர் நொடித்துக் கிடந்தபோது, முதலமைச்சர் லிம் சோங் இயூ நகரைத் தூக்கி நிறுத்தத் திட்டமிட்டதுதான் கொம்தார் என்னும் கட்டட வளாகம். 1974இல் வேலை தொடங்கியது. 65 மாடிக் கோபுரம் எழுந்தது, சாலை அடியில் போனது.

என் பாட்டி அந்தச் சாலையில் வாழ்க்கைப்பட்டவர். அவர் இருந்த வீட்டைத் தேடத் தொடங்கியபோது நிலப் பதிவேடுகளைத்தான் முதலில் நம்பினேன். அவற்றில் வீட்டுக்காரர் பெயர் இருக்கும், கைமாறிய தேதி இருக்கும். குடியிருந்தவர் பெயர் இருக்காது. ஒரு கடைவீட்டை ஒருவர் மொத்தமாக வாடகைக்கு எடுத்து, மாடியைப் பலகையால் தடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுவது அன்றைய வழக்கம். நம்மவர் பலர் அப்படிப்பட்ட அறைகளில்தான் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். எந்தப் பத்திரத்திலும் அவர்கள் இல்லை.

வழி காட்டியது ஒரு விமானத் தபால். நீலத் தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. தாத்தாவின் பெயருக்குக் கீழே ‘மே/பா சுருட்டுக்கடை’, அதாவது சுருட்டுக்கடையின் மேற்பார்வையில்; அதற்கும் கீழே ‘மாடி, பின்னறை’, பிறகு வீட்டு எண். ஊரிலிருந்து எழுதியவர் பினாங்கைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் கீழே என்ன கடை, மேலே எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே எண், அத்தையின் திருமண அழைப்பிதழின் பின்பக்கத்திலும் அச்சாகியிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். “பின்னறையில் ஜன்னல் கிடையாதம்மா, பகலிலும் விளக்குதான்” என்றார். அதுவரை அவர் சொல்லாத செய்தி அது.

இடிக்காமலும் வீடுகள் மறையும். 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய 1966ஆம் ஆண்டுச் சட்டம் 2000 பிறக்கும்போது விலகியது. வாடகை ஏறியது, தலைமுறைகளாக இருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008இல் ஊருக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி வந்தது. முகப்புகளுக்குக் கிடைத்த அந்தக் காவல் மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆறாத வருத்தம்.

உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய அழைப்பிதழோ கடிதமோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கிளாட்ஸ்டன் சாலை முகவரி தென்பட்டால் எனக்கு எழுதுங்கள். முகவரி உள்ள பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாலே போதும். கீழே என்ன கடை இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டுச் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.