‘டிஃபெர்’ என்று பதில் வந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். முடிவைத் தள்ளிவைக்கிறோம் என்று கல்லூரி சொல்வதுதான் ‘டிஃபெர்’. முன்கூட்டியே விண்ணப்பிக்க இரண்டு வழிகள் உண்டு.

‘ஏர்லி டிசிஷன்’ ஒரே கல்லூரிக்குத்தான். இடம் கிடைத்தால் மற்ற விண்ணப்பங்களை மீட்டுக்கொண்டு அங்கேயே சேர வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசக ஆசிரியர் மூவரும் கையெழுத்திடுவார்கள். ‘ஏர்லி ஆக்‌ஷன்’ அப்படிக் கட்டுப்படுத்தாது, மே 1 வரை யோசிக்கலாம். கெடு பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. 2026 தீபாவளி நவம்பர் 8. பெருநாள் நேரத்தில் ஆசிரியரைப் பிடிப்பது கஷ்டம், சிபாரிசுக் கடிதத்தை அக்டோபர் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

டிசிஷனில் கையெழுத்திடுமுன் பணத்தைப் பேசுங்கள். வெளிநாட்டு மாணவரின் கட்டணம் கட்டும் வசதியையும் பார்த்தே பல கல்லூரிகள் முடிவெடுக்கின்றன. தரும் உதவித்தொகை போதவில்லை என்றால் விலகலாம். ஆனால் வேறு கல்லூரி எவ்வளவு தருமென்று ஒப்பிட வழியில்லை. தோட்டச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு, வெளிநாட்டு மாணவரின் முழுத் தேவையையும் ஈடுகட்டும் கல்லூரியாக இருந்தால் ஒழிய, ஆக்‌ஷன்தான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை இரண்டையும் முன்பே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வையுங்கள்.

டிசம்பர் நடுவில் பதில் வரும். ‘டிஃபெர்’ என்றால் நிராகரிப்பு இல்லை, காத்திருப்போர் பட்டியலும் இல்லை. விண்ணப்பம் பொதுச் சுற்றுக்குப் போகிறது, மார்ச் கடைசிக்குள் மறுபடி முடிவு சொல்வார்கள். டிசிஷனில் போட்டிருந்தால் அந்தக் கட்டுப்பாடும் அதோடு நீங்கிவிடும். புதிய மதிப்பெண்களைப் பார்க்கவும், மொத்த விண்ணப்பதாரர்களோடு வைத்து எடைபோடவும்தான் பெரும்பாலும் தள்ளிவைக்கிறார்கள்.

முதலில் கல்லூரியின் பதிலை முழுதாகப் படியுங்கள். சில இடங்களில் தனிப் படிவம் உண்டு, சில இடங்களில் எதையும் அனுப்பாதே என்றே எழுதியிருக்கும். தடை இல்லையென்றால் ஜனவரியில் ஒரே கடிதம், ஒரு பக்கத்துக்குள். இடம் தந்தால் வருவேன் என்பதை, அது உண்மையென்றால் மட்டும், முதல் வரியிலேயே சொல்லுங்கள். பிறகு நவம்பருக்குப் பின் நடந்தவை: எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) பருவத் தேர்வு முடிவு, போட்டி, சமூக வேலை. கடைசியாக, அங்கே உள்ள ஒரு பாடமோ ஆய்வுக்கூடமோ உங்கள் வேலையோடு எப்படிப் பொருந்துகிறது என்று. பழைய கட்டுரையைத் திருப்பி எழுதுவதும் கூடுதல் சிபாரிசுகளைக் குவிப்பதும் கெடுக்கும்.

புதிய மதிப்பெண்களைச் சொல்லும் நடு ஆண்டு அறிக்கையைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும். நினைவூட்டாவிட்டால் அது தங்கிப்போகும். ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவை நம்பி இருக்காதீர்கள். 2024 தேர்வின் முடிவு 2025 ஏப்ரல் 24-இல்தான் வந்தது, அதற்குள் கல்லூரிகள் முடிவு சொல்லிவிட்டன. முன்னோட்டத் தேர்வு மதிப்பெண்ணை அனுப்பச் சொல்லுங்கள்.

கல்லூரி மேல் உங்களுக்குள்ள ஆர்வத்தை எப்படி அளக்கிறார்கள்? கல்லூரிகள் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையில் சி7 பகுதியைப் பாருங்கள். விண்ணப்பதாரரின் ஆர்வத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று அங்கே குறித்திருப்பார்கள். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் போன்றவை அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கும் இடங்களில் இணைய விளக்கக் கூட்டம், நேர்காணல், ‘ஏன் எங்கள் கல்லூரி’ கட்டுரை எல்லாம் பேசும். எல்லாவற்றுக்கும் ஒரே மின்னஞ்சலில் பதியுங்கள், முகவரி மாறினால் உங்கள் பெயரில் சேராது. நியூயார்க்கில் குளிர்காலத்தில் இரவு 7 மணிக் கூட்டம் என்றால் நமக்கு மறுநாள் காலை 8, பள்ளி நேரம். பதிவுக் காணொளி கிடைக்குமா என்று கேளுங்கள். வளாகத்துக்கு நேரில் வரவில்லை என்று தூரத்துப் பிள்ளையை யாரும் குறை சொல்வதில்லை.

இன்னொரு கல்லூரியும் பிடித்திருந்தால், ஜனவரித் தொடக்கத்தில் முடியும் இரண்டாம் டிசிஷன் சுற்றில் அங்கே போடலாம். பதில் பிப்ரவரியில் வந்துவிடும்.