கவாத்துக்குக் காத்திருந்த கார்த்திகை

நவம்பர் 23, 2024. அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.
குண்டுமல்லிக்கு இன்றோடு தண்ணீரை நிறுத்திவிட்டேன். மண் காய்ந்தபின் ஒன்றரை அடி உயரம் விட்டுக் கிளைகளைக் கவாத்து வெட்டினால் பங்குனியில் மொட்டுப் பிடிக்கும் என்பது அப்பாவின் கணக்கு.

நவம்பர் 27.
வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாம். கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 30.
மழை.

டிசம்பர் 2.
ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பின்னும் ஓயாமல் உள்நாட்டுக்கு வந்துவிட்டது. திருவண்ணாமலையில் மலை சரிந்து வீடு புதைந்த செய்தியைக் கேட்டபின், என் பாத்திகளில் கணுக்காலளவு நிற்கும் தண்ணீருக்காகப் புலம்புவது வெட்கமாக இருக்கிறது, இருந்தும் புலம்புகிறேன். வேலூர் வெயில் மல்லிகைக்கு ஒரு பொருட்டே இல்லை, சித்திரையில் நாம் நிழல் தேடும் நாளில்தான் அது பூத்துத் தள்ளும். வேரடியில் தேங்கும் தண்ணீரை மட்டும் அதனால் தாங்க முடியாது, மண்ணில் காற்றில்லாமல் வேர் திணறிப் பிறகு அழுகத் தொடங்கிவிடும். இருட்டும்வரை வடிகால் வெட்டினேன். பம்புசெட்டு ஓரச் செடியை மூன்று முறை போய்ப் பார்த்தேன்.

டிசம்பர் 6.
அந்தச் செடியின் இளம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுப்பகுதி மஞ்சளாக வெளிறிவிட்டது. வேர் இரும்புச்சத்தை எடுக்கவில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்தேன். "அந்த ஒண்ணையே சுத்திச் சுத்தி வர்றியே, மத்ததெல்லாம் நம்ம செடி இல்லியாடா?" என்று அம்மா கேட்டாள். பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 9.
ஒரு பிடி மண்ணை அழுத்திப் பார்த்தேன். உருண்டையாகவே நிற்கிறது.

டிசம்பர் 12.
மறுபடியும் மழை. எப்போதும் மணலாகக் கிடக்கும் பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் புரண்டபோது, இப்படியொன்றை இனி நம் ஆயுளில் பார்க்க மாட்டோம் என்று பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. தள்ளி வெட்டினால் பூவும் தள்ளிப்போகும். எல்லார் தோட்டமும் ஒன்றாகப் பூத்து மொட்டு மலிந்துபோகும் நாளில்தான் என் கூடையும் மண்டிக்குப் போய்ச்சேரும்.

டிசம்பர் 13.
தீபம். பம்புசெட்டுத் திண்ணையில் ஓர் அகல் வைத்தேன், சாரலில் அணைந்துவிட்டது.

டிசம்பர் 19.
மண் கையில் உதிர்ந்தது. நான்கு வரிசை வெட்டி, வெட்டுவாயில் பூஞ்சணம் பிடிக்காதிருக்கக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசை தடவி முடித்தேன். பம்புசெட்டு ஓரச் செடியில் மட்டும் கத்தரி வைக்கவில்லை. பட்டையை நகத்தால் கீறினேன்: மேலே பச்சை, தூரருகே பழுப்பு. காலையில் ஒரு பக்கத்து மண்ணைத் தோண்டி வேரைப் பார்க்க வேண்டும்.