ஈயக் கல்

ஜனவரி 3, 2026
நென்ட்ஹெட். எழுதி வைத்தால்தான் பெயர் மனதில் நிற்கும். இங்கிலாந்தின் வடக்கே, மலைப்பக்கம். ஈயம் தோண்டிய ஊர். கைவிட்ட சுரங்கத்துக்குள் மகன் இறங்கப் போகிறான், அடுத்த சனிக்கிழமை.

ஜனவரி 5
தோள் குடைகிறது. மழை வரும்.

ஜனவரி 7
நேற்றிரவு ஒரு மணி நேரம் பேசினான். சுரங்கத்தை உள்ளே போகப் போகச் சிறிது உயரும்படி வெட்டியிருக்கிறார்களாம், தண்ணீர் தானாகவே வாசலுக்கு வடிந்துவிடும். வாய்க்கால் தெரிந்தவன் செய்த வேலை என்றார் இவர். அவருக்கு அவ்வளவில் மனம் ஆறிவிட்டது. எனக்கு ஆறவில்லை. ஸ்மால்க்ளூ என்ற அந்தச் சுரங்கத்தின் அறை ஒன்றில் 1901இல் 28 பேர் இருந்து விருந்து உண்டார்களாம். உண்ணட்டும். நான் கேட்டது, கூரையை எது தாங்குகிறது என்று.

சில இடங்களில் கல்லால் வளைவு, சில இடங்களில் வெறும் பாறை என்றான். அதைவிடத் தரையைத்தான் பார்த்து நடக்க வேண்டுமாம். ஈயத்தை எடுத்த பள்ளத்துக்குக் குறுக்கே மரக்குற்றிகளைப் போட்டு, கழிவுக் கல்லை அதன்மேல் அடுக்கியிருப்பார்கள். பார்த்தால் நிலம். அடியில் நூறு வருடமாக உக்கும் மரம். மரம் உக்கும் இடத்தில் காற்றும் கெட்டிருக்குமாம்.

எங்கள் பதுங்குகுழிக்குப் போட்டவை பச்சைப் பனங்குற்றிகள்.

ஜனவரி 8
சுதந்திரபுரத்தில் குற்றி கிடைத்தது. முள்ளிவாய்க்காலில் மணல்தான், தோண்டத் தோண்டச் சரிந்தது. கூறைச் சேலையை வெட்டி மூட்டை தைத்தேன். இறங்கமாட்டேன் என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தினான், ஆறு வயது. வெளியே படுப்போம் அம்மா, வெளியே படுப்போம். அந்தப் பிள்ளை இப்போது காசு கொடுத்துத் தலைவிளக்கு வாங்கியிருக்கிறான்.

ஜனவரி 9
ஒரு கல்லின் படம் அனுப்பினான். கலீனா. ஈயம் இதிலிருந்துதான் வருகிறதாம். சதுரம் சதுரமாக, வெள்ளிபோல மினுங்குகிறது. என் தோளில் இருப்பதும் ஒரு காலத்தில் எங்கோ ஒரு மலைக்குள் இப்படித்தான் கிடந்திருக்கும்.

ஏன் போகிறாய் என்று கேட்டேன். "நிலத்துக்குக் கீழே சத்தமில்லாமலும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அம்மா."

ஜனவரி 10
அங்கே காலை பத்து, இங்கே பிற்பகல் மூன்றரை. இறங்கியிருப்பார்கள். நான்கு பேர். வெளிவரும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்களாம், தவறினால் அவர் மீட்புக் குழுவை அழைப்பார். அவர்களுக்கு மாலை நான்கு. எனக்கு ஒன்பதரை.

இவர் இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். முற்றத்தில் பாய் போட்டிருக்கிறேன்.

9.30.

9.50. ஒன்றும் வரவில்லை.

10.05. மலைப்பக்கம் தொடர்பு கிடைக்காது, ஊருக்குள் வந்துதான்