சுங்குடிப் புடவை குர்த்தாவானது: கழுத்துப் பைப்பிங் ஒருவழியாகப் படிந்துவிட்டது

படிந்துவிட்டது. டோரி என்கிற மெல்லிய கயிற்றை உள்ளே வைத்துக் கழுத்து ஓரத்தில் தைக்கிற பைப்பிங், ஒரு நூல் (இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) தடிப்பு, வட்டக் கழுத்து, அதுவும் பழைய சுங்குடித் துணியில். எங்கேயும் எழும்பவில்லை, முறுக்கவில்லை, தோள்பட்டையில் சுருங்கவில்லை. துவைத்து, காயப்போட்டு, அயர்ன் பண்ணாமலே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கை இன்னும் வைக்கவில்லை, சைடு ஓப்பன் மடிக்கவில்லை. ஆனால் கழுத்து முடிந்த சந்தோஷத்தை அதுவரை அடக்கி வைக்க முடியாது.

துணி அம்மாவின் அரக்குச் சுங்குடி. மஞ்சள் புள்ளி, மெல்லிய ஜரிகைக் கரை. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய அசல் சுங்குடி இது. புள்ளியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும், ஓரம் கலங்கி, நடுவில் ஒரு பொட்டு சாயம் தங்கியிருக்கும். மெழுகு அச்சில் வருகிற புள்ளிகளோ எல்லாம் ஒரே அளவு, ஒரே ஓரம். மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் முடிச்சுப் போடத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டேதான் வருகின்றன. சௌராஷ்டிரக் குடும்பங்களில் பெரியவர்கள் சிலர்தான் இன்னும் போடுகிறார்கள். அப்படிப்பட்ட புடவையைக் கரித்துணியாகக் கிழிக்க எனக்கு மனசே வராது.

பழைய காட்டன் புடவையை வெட்டப் போகிறவர்கள் முதலில் அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் சொருகுகிற இடம், உட்கார்ந்து எழுகிற இடம், குதிகால் உரசுகிற கீழ்க்கரை, இந்த மூன்றும்தான் முதலில் நையும். முந்தி அநேகமாகப் புதுசு போலவே இருக்கும். ஃபால்ஸ் வைத்த இடத்தில் துணி கெட்டியாக இருந்தாலும் நிறம் மாறியிருக்கும். நைந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, மிச்சத்தில் முன்பாகம், பின்பாகம், கை மூன்றையும் உட்கார வைத்தேன். கரையைக் கைக்கு ஒதுக்கிவிட்டேன். முந்தியைத் தொடவில்லை, அதற்கு வேறு திட்டம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உள்ளே லைனிங் முழுசாகக் கொடுத்திருக்கிறேன். டூ பை டூ ரூபியா. பாவிலும் (நீளவாட்டு நூல்) ஊடையிலும் (குறுக்கு நூல்) இரட்டை இழை முறுக்கிய நூல் என்பதால் மெல்லிசாக இருந்தாலும் தாங்கும். உடம்பின் இழுவையை அதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும், சுங்குடி மேலே சும்மா கிடந்தால் போதும். இதற்காகவே லைனிங்கைச் சுங்குடியை விடச் சுற்றிலும் இரண்டு நூல் குறைத்து வெட்டுகிறவர்கள் உண்டு. நான் சம அளவில்தான் வெட்டுவேன். குறைத்தால் இழுவை லைனிங்குக்குப் போகும் என்பது சரிதான், ஆனால் அக்குளில் மேல்துணி பை போலத் தொங்கும், அது எனக்குப் பிடிக்காது.

இப்போது கழுத்துக்கு வருகிறேன்.

பைப்பிங் தைக்கும்போது அழகாகப் படுத்திருக்கும், திருப்பிப் போட்டால் எழும்பி நிற்கும். தைக்கிற எல்லோரும் சொல்கிற புகார் இது. என்னையும் ரொம்ப நாளாகப் படுத்திய இடம் இதுதான். காரணம் எளிமையானது. தைக்கும்போது டோரி கழுத்துத் தையலுக்கு வெளிப்பக்கம், துணியின் மேல் கிடக்கிறது. அங்கே வட்டம் பெரியது. திருப்பியதும் அதே டோரி தையலைத் தாண்டிக் கழுத்துக்குள் வந்து உட்காருகிறது. அங்கே வட்டம் சிறியது. பெரிய வட்டத்துக்குச் சரியாக இருந்த நீளம் சிறிய வட்டத்தில் எங்கே போகும்? எழும்பத்தான் செய்யும். அயர்ன் வைத்து அழுத்தினால் ஒரு துவைப்பு வரைக்கும் படுத்திருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒரு வட்டத்தின் ஆரத்தை ஒரு நூல் குறைத்தால் சுற்றளவு ஆறு நூலுக்குக் கொஞ்சம் மேல் குறையும். கழுத்து பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் இந்த ஆறு மாறாது. குழந்தை ஃபிராக்குக்கும் இதுதான், நம் குர்த்தாவுக்கும் இதுதான். ஒரு நூல் தடிப்புப் பைப்பிங்கில், திருப்பியபின் கழுத்துக்குள் நீட்டி நிற்கிற வெளி விளிம்புக்கு ஆறு நூல் குறைய வேண்டும், நடுவில் ஓடுகிற டோரிக்கு அதில் பாதி, அதாவது மூன்று நூல். பழைய துணியின் கழுத்து தைக்கத் தைக்கக் கொஞ்சம் நீளும் என்பதால் நான் நாலு நூல் எடுத்துக்கொண்டேன். அரை இன்ச். முன் வளைவில் கால், பின் வளைவில் கால்.

இந்தக் கால் இன்ச்சைக் கைப்பழக்கத்தில் இழுத்துப் பிடித்துத் தைக்கலாம். எங்கள் தெருமுனை டெய்லர் அண்ணன் அப்படித்தான் தைக்கிறார். "இழுக்காதம்மா, சும்மா பிடிச்சுக்க. இழுத்தா துணி சுருங்கும், விட்டா பைப்பிங் தூக்கும்" என்பார். அவர் கைக்கு அந்த வித்தியாசம் தெரியும். எனக்கு அளந்து செய்வதுதான் சரிப்படுகிறது. இன்ச் டேப்பைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, கழுத்துத் தையல் கோட்டின் மேலேயே ஓட்டி அளந்தேன். முன் வளைவு தனி, பின் வளைவு தனி. பைப்பிங்கில் அந்தந்த நீளத்தில் கால் இன்ச் குறைத்து சாக்கால் குறி. பிறகு குறியோடு குறி சேர்த்துக் குண்டூசி. முன் கழுத்தின் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட நேராகத்தான் இறங்கும், அங்கே சமமாக வைத்துவிட வேண்டும். குறைவு முழுவதும் அடியில் கிண்ணம் மாதிரி வளைகிற இடத்துக்கே போக வேண்டும். குண்டூசி போட்டதும் கழுத்துத் துணி அந்த இடத்தில் லேசாகப் பூரித்துத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பைப்பிங் மேலேயும் துணி கீழேயும் இருக்கும்படி வைத்துத் தைத்தால் மெஷினின் பல் அதை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால் கழுத்தை வெட்டிய உடனே, ஒற்றைத் துணியில், தையல் கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி, வெட்டு ஓரத்தின் பக்கமாக, ஒரு காவல் தையல் போட்டுவிட வேண்டும். தோளிலிருந்து நடு வரைக்கும் ஒரு பக்கம், மறுபடியும் தோளிலிருந்து நடு வரைக்கும் மறுபக்கம். ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்தால் துணி ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். பழைய துணியில் இது இல்லாமல் கழுத்தைத் தொடவே கூடாது. கையில் எடுத்து வைக்கிற நேரத்திலேயே கால் இன்ச் விரிந்துவிடும்.

டோரியைச் சுற்றுகிற கிராஸ் பீஸை, அதாவது சாய்வாக வெட்டுகிற துண்டை, அதே புடவையில் எடுக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். எடுக்காதீர்கள். கிராஸ் பீஸ் பாவையும் ஊடையையும் சம பலத்தில் நம்பி நிற்கிற துண்டு. உடுத்தித் துவைத்த புடவையில் இரண்டும் ஒரே அளவு நைவதில்லை. டோரியை உள்ளே வைத்துத் தைத்ததும் துண்டு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், அப்புறம் எந்த அயர்னும் அதை நிமிர்த்தாது. மஞ்சள் புள்ளியோடு சேருகிற மஞ்சள் ரூபியாவில் கால் மீட்டர் வாங்கி, வெட்டு ஓரத்தைக் கரையோடு சேர்த்து மடித்து, மடிப்புக் கோட்டிலேயே வெட்டி, ஒன்றேகால் இன்ச் அகலத்தில் துண்டுகள் எடுத்தேன். இணைப்பைச் சாய்வாகத்தான் போட வேண்டும், நேர் இணைப்பு போட்டால் டோரி மேல் முடிச்சு போலத் தடித்துத் தெரியும். பைப்பிங்கின் இரண்டு முனையும் சேருகிற இணைப்பு இடது தோளின் பின்பக்கம் விழும்படி பார்த்துக்கொண்டேன்.

டோரியும் சுருங்கும். லைனிங்கை ஒரு ராத்திரி ஊறப்போடுகிறவர்கள்கூட டோரியை அப்படியே சுருளிலிருந்து எடுத்துத் தைத்துவிடுகிறார்கள். காட்டன் டோரி முதல் துவைப்பில் சுருங்கினால் கழுத்து முழுக்கச் சுருக்குப் பை மாதிரி இழுத்துக்கொள்ளும். வெந்நீரில் போட்டு எடுத்து, தொங்கவிட்டுக் காயவைத்த பிறகுதான் நான் கத்திரியே எடுக்கிறேன். கடையில் சுருளாக விற்கிற ரெடிமேட் பைப்பிங் மேல் எனக்குக் கோபமே உண்டு. பெரும்பாலும் பாலியஸ்டர் சாட்டின், பளபளவென்று கண்ணை இழுக்கும். அது சுருங்காது, நம் காட்டன் சுருங்கும், இரண்டும் ஒரே தையலில் மாட்டிக்கொண்டு ஒன்றை ஒன்று இழுக்கும். சுங்குடிக்குப் பக்கத்தில் அந்தப் பளபளப்பைப் பார்க்கவும் சகிக்காது. காட்டனில் ரெடிமேட் பைப்பிங் ஏன் யாரும் போடுவதில்லை என்று கேட்டால், "கேக்க ஆள் இல்லக்கா" என்கிறார் கடைத் தம்பி. கேட்போம், எல்லோரும் கேட்போம்.

ஊசி 11ஆம் நம்பர். பைப்பிங், லைனிங், பட்டி (கழுத்தின் உள்பக்கம் திருப்பி வைக்கிற துணி) எல்லாம் சேர்ந்து வருகிற இடத்தில் 14 போடச் சொல்வார்கள். புதுத் துணிக்குச் சரி, பழைய துணியில் 14 போட்ட ஓட்டை மூடாது. தோள் இணைப்பு வருகிற இடத்தில் மட்டும் பெடலை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்தேன். தையலையும் பொடியாக வைக்கக் கூடாது. நெருக்கமாகக் குத்தினால் தையல் கோட்டிலேயே துணி கிழிய வழி போட்டுக் கொடுத்தது போலாகும். இன்ச்சுக்குப் பத்துத் தையல் போதும். நூலும் காட்டன் நூல்தான். என்றைக்காவது ஒன்று அறுந்தாக வேண்டும் என்றால் நூல் அறுந்துபோகட்டும், துணி மிஞ்சட்டும்.

ஒற்றைக் கால் ஃபுட் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது. ஜிப் வைக்க வாங்கியது, விலை ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குக் கொஞ்சம் மேல்தான். சாதாரண ஃபுட்டில் டோரிக்கும் தையலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும், பைப்பிங் தொளதொளவென்று இருக்கும். ஒற்றைக் காலில் ஊசி டோரியை ஒட்டியே இறங்கும். நான் டோரியை உள்ளே வைத்துத் தைக்கிற முதல் தையலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு, கழுத்தோடு சேர்க்கிற கடைசித் தையலை நன்றாக ஒட்டிப் போடுகிறேன். அப்போதுதான் முதல் தையல் வெளியே எட்டிப் பார்க்காது.

தைத்து முடித்து, தையலுக்கு விட்டதைக் கால் இன்ச்சாக நறுக்கி, வளைவில் அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு. முக்கோணமாகக் கொத்தி எடுக்க வேண்டாம், நேர் வெட்டு போதும், திருப்பியதும் அது தானாக விரிந்து கொடுக்கும். பிறகு பட்டியை வெளியே விரித்து, தையலுக்கு விட்டதைப் பட்டியோடு சேர்த்து ஓர் ஓரத்தையல். உள்பட்டி வெளியே வராமல் இருப்பது இந்த ஓரத்தையலால்தான். பட்டியின் கீழ் விளிம்பை லைனிங்கோடு மட்டும் சேர்த்துக் கையால் ஹெம்மிங் செய்தேன். சுங்குடியின் மேல் ஒரு குத்துகூடத் தெரியவில்லை. முன் கழுத்து ஆறு இன்ச், பின் கழுத்து நாலு, அகலம் ஆறு. ஓப்பன் இல்லாமலே தலை தாராளமாக நுழைகிறது. டோரி வைத்த கழுத்து நீளாது என்பதால், கழுத்தை இதைவிடச் சின்னதாக வைக்கிறவர்கள் வெட்டுவதற்கு முன்னால் தலைச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள்.

ரூபியா, டோரி, நூல், ஊசி எல்லாம் மதுரை விளக்குத்தூண் பக்கம்தான் வாங்கினேன். பத்துத்தூண் சந்துக்குள் போனால் லைனிங் துணியில் இல்லாத நிறம் கிடையாது. மேல்துணியைக் கையோடு கொண்டுபோய் வெயிலில் வைத்து நிறம் சேர்த்துப் பாருங்கள், டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சளாகத்தான் தெரியும். மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த டெய்லர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப் போனார்கள். மண்டபத்தில் அவர்கள் இருந்தபோது, திருமலை நாயக்கர் காலத்துக் கல்தூண் ஓரமாக நின்று, அவர்கள் தைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் சாமி உடுப்புக்குக் கொசுவம் பிடிக்கிற விதம் எனக்குத் தெரியவந்தது. மண்டபம் காலியானது மண்டபத்துக்கு நல்லதுதான், எனக்கு மட்டும் அந்த வழியாகப் போனால் காதில் மெஷின் சத்தம் இல்லாதது உறுத்துகிறது.

முந்திக்கு வைத்திருக்கும் திட்டம் இது. அதைச் சின்னதாக வெட்டவே போவதில்லை. ஒரு வெள்ளை மல் குர்த்தாவின் முதுகில் முழு முந்தியையும் ஒரே பேனலாக வைத்து, ஜரிகைக் கோடு தோளுக்குத் தோள் ஓடும்படி தைக்க வேண்டும். அதற்கடுத்து காரைக்குடிக் கண்டாங்கி ஒன்று காத்திருக்கிறது. அது தடித்த துணி, அதற்கு ஒரு நூல் டோரி மெல்லிசாகத் தெரியும், ஒன்றரை நூல் வேண்டும். அப்படியானால் கணக்குப்படி வெளி விளிம்புக்கு ஒன்பது நூலுக்கு மேல் குறைய வேண்டும். தடித்த துணி அவ்வளவு பூரிப்பை உள்ளே வாங்குமா என்று ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பார்த்துவிட்டுத்தான் புடவையில் கத்திரி வைப்பேன். வீட்டுக்காரர் சட்டை ஒன்றும் காலர் மடிப்பில் நைந்து கிடக்கிறது. காலரைப் பிரித்துத் திருப்பி வைத்துவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். பிரிக்கிற வேலையை டிவி பார்த்துக்கொண்டே அவரே செய்கிறேன் என்றிருக்கிறார்.

அதற்கு முன்னால் இந்தக் குர்த்தாவின் கை. கரையைக் கையின் அடிவிளிம்பில் வைக்கிறேன். கரை நேராகத்தான் கிடக்கும் என்பதால் கையின் அடியை வளைத்து வெட்ட முடியாது. அடிவிளிம்பை நேராக விட்டு, வளைவு முழுவதையும் மேலே ஆம்ஹோல் பக்கமே எடுத்துக்கொள்ள வேண்டும். பேப்பரில் வரைந்து வைத்திருக்கிறேன், நாளைக்கு மத்தியானம் வெட்டு. ஆம்ஹோலில் ஓவர்லாக் போடப் போவதில்லை, வெட்டு ஓரம் உள்ளே மறையும்படி இரண்டு முறை தைக்கிற பிரெஞ்சு தையல்தான். முழுக்கை, முக்கால் கை இரண்டுக்கும் கரை போதும். எனக்கு முக்கால் கைதான் பிடிக்கும், மிஞ்சுகிற கரை சைடு பாக்கெட்டின் வாய்க்கு ஆகும்.