தையல் மெஷின் எண்ணெயும் திரவ உலோகமும்: மட்டக்களப்பு கல்லடியில் செய்த நுண்ணலை வடிகட்டி

செப்புக் கீற்றுகளை ஒரே இடைவெளியில் அடுக்கிய பலகை, நுண்ணலையில் குறிப்பிட்ட மீடிறனை (அதிர்வெண்ணை) மட்டும் மறித்து மற்றதை விட்டுவிடும். ஆனால் செய்து முடித்த பலகையின் மீடிறனை மாற்ற ஏலாது. மின்னழுத்தத்தால் கொள்ளளவம் மாறும் வரக்டர் டயோட் போட்டால் மாற்றலாம். ஆனால் கீற்றுக்குக் கீற்று கம்பி இழுக்க வேண்டும், வலு கூடினால் சைகையும் திரிபடும். அதனால்தான் திரவ உலோகத்துக்குப் போனேன்: கீற்றுகளுக்கு மேல் குழாய் வைத்து, அதற்குள் உலோகத் துளிகளை நகர்த்தி மீடிறனை மாற்றுவது.

காலியம் என்ற உலோகம் 29.76 பாகை செல்சியஸில் உருகும்; மட்டக்களப்பு வெயிலே அதற்குப் போதும். நிறைப்படி முக்கால் பங்கு காலியம், கால் பங்கு இந்தியம் என்ற இன்னொரு உலோகம் சேர்த்துச் சுடுநீரில் வைத்துக் கலக்கினால், ஏறக்குறைய 15.5 பாகை வரை உறையாத கலவை கிடைக்கும். இங்கே மார்கழி இரவிலும் அது திரவம்தான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “மனே, பாதரசமா அது? வீட்டுக்குள்ள வேணாம்” என்றார். பாதரசம் போல இதிலிருந்து நச்சு ஆவி எழும்பாது என்று விளங்கப்படுத்தினேன். அலுமினியத்தை மட்டும் கிட்ட விடக்கூடாது, ஊடுருவி நொறுக்கிவிடும்.

உண்மையான பாடு ஒட்டுவதில்தான். காற்றுப் பட்ட கணமே சில நானோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுத் தோல் படர்ந்து, துளி குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். கோஸ்டிக் சோடாக் கரைசல் அந்தத் தோலைக் கரைக்கும், துளியும் அழகாக வழுக்கும். ஆனால் அந்தக் கரைசலே நுண்ணலையை உறிஞ்சிவிடுகிறது. கனிம எண்ணெய் அப்படி உறிஞ்சாது, உலோகத்தில் காற்றுப் படாமலும் மூடிக்கொள்ளும். கடையில் விற்கும் தையல் மெஷின் எண்ணெயே காணும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் துளிகளை ஏற்றுவது. ஒரே போத்தலில் உலோகம் அடியில், எண்ணெய் மேலே. 3டி பிரிண்டருக்குப் பாவிக்கும் 2 மிமீ உள்விட்ட டெஃப்லான் குழாயின் மறுமுனையில் இன்சுலின் சிரிஞ்ச் (100 யூனிட் ஒரு மில்லிலீற்றர்). குழாயின் நுனியை அடிவரை இறக்கி 3 யூனிட் இழுத்தால் கிட்டத்தட்ட 10 மிமீ உலோகம். நுனியை எண்ணெய்க்கு உயர்த்தி 5 யூனிட்டுக்குச் சற்றுக் கூட இழுத்தால் 16 மிமீ இடைவெளி. உலோகம் காற்றைக் காண்பதே இல்லை. மங்கலான குழாய்க்குள் கரிய துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுவதை அடிமட்டம் வைத்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், சின்னப் பிழையும் வரிசை நெடுகக் கூடிக்கொண்டே போகும்.

பலகையில் 22 மிமீ கீற்றுகள், நடுவே 4 மிமீ இடைவெளி. ஆக, கீற்றுகளும் துளிகளும் ஒரே 26 மிமீ அடுக்கு. துளி கீற்றின் நடுவில் இருந்தால் பெரிய விளைவில்லை. இடைவெளிக்கு மேல் வந்தால் இரு கீற்றுகளையும் தொடாமலே கொள்ளளவத்தால் (மின்னேற்றம் தேங்கும் தன்மையால்) இணைக்கும், மறிக்கும் மீடிறன் இறங்கும். ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு 13 மிமீ. சிரிஞ்சில் 4 யூனிட்தான். இரண்டு அன்டெனாக்களுக்கு நடுவே, மின்புலம் கீற்றோடு ஒத்த திசையில் இருக்கப் பலகையை நிறுத்தி, எந்த மீடிறன் எவ்வளவு கடக்கிறது என்று 6 கிகாஹேட்ஸ் வரை வரைந்து காட்டும் சின்ன நெட்வொர்க் அனலைசரில் பார்த்தேன். 5 கிகாஹேட்ஸுக்குக் கிட்ட, மறிக்கும் மீடிறனைக் காட்டும் பள்ளம் சிரிஞ்சைத் தள்ளத் தள்ள இடப்பக்கம், அதாவது குறைந்த மீடிறனுக்கு, நகர்ந்தது. திரும்ப இழுத்தேன், திரும்பி வந்தது. வேகம் குறைவுதான், டயோடோடு போட்டிபோடாது. ஆனாலும் பலகையில் ஒரு மின்கம்பிகூட இல்லை!

எல்லாக் குழாய்களையும் ஒரே சிரிஞ்சால் தள்ளுவது இன்னும் சரிவரவில்லை. குழாய்க்குக் குழாய் உராய்வு வேறுபடுவதால் வரிசை குலைகிறது. இப்போதைக்குக் குழாய்க்கொரு சிரிஞ்ச் வைத்து, எல்லாவற்றையும் ஒரே மரச்சட்டத்தால் அழுத்துகிறேன்.